சிவப்பு வில்லை

கிடங்கு வாசலில் கரியடுப்பைச் சுற்றி நான்கு பேர். காவலாளி முசேம்பி. லாரி ஓட்டும் கியோகோ. தேநீர்க்காரி சியோம்புவா. மூட்டை தூக்கும் நான்.

முசேம்பியின் அத்தை வீட்டில் நடந்தது இது. அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

மாலை ஏழு மணி. மச்சாகோஸ் டவுனிலிருந்து மலைக்கு ஏறும் மண்பாதை. மழையைப் பார்த்து இரண்டு வருடம்... கணுக்கால் வரை புழுதி. அத்தை புருஷன் கிலோன்ஸோவும் அவருடைய அப்பா மவுண்டுவும் கள்ளுக்குடத்தோடு வருகிறார்கள். மறுநாள் பேரனுக்குச் சுன்னத்து விருந்து. கிழவர் பர்மா சண்டைக்குப் போனவர். அங்கிருந்து கொண்டுவந்த, பட்டாளத்தார் கழுத்தில் கட்டும் சிவப்பு அடையாள வில்லையை, அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் சுன்னத்தன்று கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். குடும்பப் பெருமை.

பின்னால் சத்தம். சளக்... சளக்... நனைந்த பூட்ஸ். அந்தப் புழுதியில். கூடவே அழுகிய இலை நாற்றம்.

"டேய் மவுண்டு... எனக்கு ஊத்தலையேடா."

இளம் குரல். கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினார்.

"கள்ளு சிந்துச்சா, அதச் சொல்லு மொதல்ல," என்றான் கியோகோ.

"நீ வாய மூடு," என்றாள் சியோம்புவா.

வீட்டுக்குள் போன பிறகுதான் கிழவர் வாயைத் திறந்தார். வில்லை அவருடையது அல்ல. சண்டையில் கூட இருந்த முலேயினுடையது. பட்டாளத்தில் ஒருவன் செத்தால் சிவப்பு வில்லையை அறுத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் வீட்டுக்குச் சேதி போகும்.

"ஏன் குடுக்கல?" என்றார் கிலோன்ஸோ.

"குடுத்தா எங்க கெடக்கான்னு கேப்பாங்க. போய்ப் பாப்பாங்க."

"பாத்தா என்ன?"

"அறுக்கும்போது அவன் கண்ணத் தொறந்திருந்தான்... தண்ணி கேட்டான்."

சேதி போகவில்லை. அடுத்த ஊரில் முலேயின் தாய், மகன் வருவான் என்றே இன்னும் காத்திருந்தாள். செத்தவர்களுக்காகத் தரையில் ஊற்றும் முதல் மடக்குக் கள்ளை அவனுக்கு மட்டும் யாரும் ஊற்றியதில்லை.

சளக். வாசலில் வந்து நின்றது.

கிழவர் வில்லையைக் கையில் எடுத்தார். "அவன் அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"நாளைக்கு ஊரே வருதுப்பா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் பந்தி வெப்பேன்?"

"நீயும் கூட வாடா. தனியாப் போக பயமா இருக்கு."

கிலோன்ஸோ வில்லையைப் பிடுங்கினார். தூங்கிக்கொண்டிருந்த மகன் கழுத்தில் மாட்டினார். கிழவர் வெறுங்கையோடு வெளியே இறங்கினார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "மாமா இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு. உங்களத்தான் பாக்குறாரு."

கிலோன்ஸோ கதவைச் சாத்தினார். பூட்டினார்.