நாலு அடி உள்ளே பதித்த கல்

சுண்ணாம்புப் பொடியின் வாசனை எனக்குப் பிடிக்கும். காலையில் மைதானத்தில் புதிதாகக் கோடு போட்டிருந்தால், பல் விளக்கி முடித்த மாதிரி ஒரு தெளிவு வரும். வெயில் ஏறினால் அந்த வாசனை போய்விடும் என்பதற்காகவே இத்தனை வருடமும் ஐந்தரை மணிக்கு எழுந்து வந்திருக்கிறேன். என் மனைவிக்கு இது புரிந்ததில்லை. "வீட்டுச் சுவருக்கு அடிக்கச் சொன்னா மட்டும் தும்மல் வந்துடும்" என்பாள்.

விசாரணைக் குழு என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. பல்கலைக்கழக ஓட்டப்பாதை ஆறு மீட்டர் குறைவாக இருப்பது உடற்கல்வி இயக்குநராகிய எனக்கு எப்போது தெரியும்? முதல் நாளே தெரியும். இப்படி ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு வரியில் எழுதினால் என்னை மோசடிக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாக, நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அதைக் கேட்டால் நான் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்கே விளங்கும்.

நான் பொறுப்பேற்றபோது விளையாட்டுத் துறை என்பது ஓர் அறை, ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் காற்றுப்போன மூன்று பந்து. அலமாரியின் சாவி, எனக்கு முன்னால் இருந்தவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. உள்ளரங்கில் விடைத்தாள் மூட்டைகள். கால்பந்து அணியில் பதினொரு பேருக்கு ஏழு ஜோடி பூட்ஸ். மாற்று ஆட்டக்காரர் இறங்க வேண்டுமென்றால், வெளியே வருகிறவர் கோட்டோரமாக உட்கார்ந்து கழற்றிக் கொடுக்க வேண்டும். கால் அளவு பொருந்துகிறவராகப் பார்த்துத்தான் மாற்றுவோம், ஆட்டத் திறமையெல்லாம் அப்புறம்.

துணைவேந்தர் முதல் வாரமே கூப்பிட்டார். "ரெண்டு வருஷம் தர்றேன். அதுக்குள்ள உங்க துறைக்கு ஒரு பேர் வரலைன்னா, அந்த மைதானத்துல லேப் கட்டிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார்" என்றேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். நூற்று நாற்பது பிள்ளைகள் அந்த மைதானத்தை நம்பி இருந்தார்கள். இந்த எண்ணிக்கையைக் குழு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாக ஓட்டப்பாதை போட்டேன். துறையில் மிச்சமிருந்த ஒரே ஊழியர் கோடு போடுகிறவர். சுண்ணாம்புக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நேர்மையான மனிதர், அளவில் புலி. அவர் சரியாக நானூறு மீட்டருக்குக் கயிறு கட்டினார். இங்கே ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. ஓடுகிறவர் யாரும் ஓரக்கல்லை உரசிக்கொண்டு ஓடுவதில்லை, ஓர் அடி தள்ளித்தான் ஓடுவார். அந்த ஓரடி தள்ளிய வட்டம்தான் நானூறு மீட்டர் இருக்க வேண்டும். ஆக, கயிற்றுக்கு ஓர் அடி உள்ளே கல் பதிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துச் சுண்ணாம்புக்காரருக்குக் காய்ச்சல். கல் பதிக்க வந்த கொத்தனார், கயிறு இருப்பது முதல் தடத்தின் வெளிக்கோடு என்று நினைத்துக்கொண்டார். ஒரு தடத்தின் அகலம் நாலு அடி. அவர் சத்தமில்லாமல் நாலு அடி உள்ளே பதித்துவிட்டுப் போனார். தவறு மூன்றே அடிதான். ஆனால் வட்டமாகச் சுற்றி வருகிற காரியத்தில் மூன்றடி சும்மா இருக்காது. சுற்றுக்கு ஆறு மீட்டரை விழுங்கிவிடும்.

திறப்பு விழா நடந்த காலை, அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு முதல் தடத்தில் நான் ஒரு சுற்று வந்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வந்தேன். அதேதான்.

சுண்ணாம்புக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பேத்துடலாம் சார். ரெண்டு நாள் வேலை."

"இன்னைக்குப் போட்டி முடியட்டும்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அன்று ஆறு சாதனைகள் உடைந்தன. தூரம் கூடக் கூட உடைசலும் கூடியது. நாலைந்து வருடமாக யாரும் தொடாத ஐயாயிரம் மீட்டர் நேரத்தை, சளி பிடித்திருந்த ஒரு பையன் பதின்மூன்று விநாடி வித்தியாசத்தில் முறியடித்தான். துணைவேந்தர் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "என்னமோ பண்ணியிருக்கீங்க" என்றார். இனிமேல் எங்கே கல்லைப் பெயர்ப்பது?

அதற்கப்புறம் எங்கள் துறை வளர்ந்த கதை உங்களுக்கே தெரியும். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் தங்கள் போட்டிகளை எங்கள் மைதானத்தில் நடத்த வரிசையில் நின்றன. வந்தவர்களும் அதே பாதையில்தானே ஓடினார்கள்? அவர்களுக்கும் நேரம் குறைந்தது. அவர்களுடைய பயிற்சியாளர்களும் ஊருக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பொய்யால் யாருக்கு நஷ்டம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் அகப்படவில்லை. வருடா வருடம் கோடு போடும்போது சுண்ணாம்புக்காரர் மட்டும், "கல்லு சார்?" என்பார். "அடுத்த வருஷம்" என்பேன். ஒன்பது வருடம் அப்படிப் போயிற்று.

எங்கள் பிள்ளைகள் வெளியே போய் ஓடும்போதுதான் சங்கடம். தோற்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லோரும் சிரிப்பார்களே, எங்கள் பிள்ளைகள் பாவம், உண்மையிலேயே கூடம் கோணல் என்று தெரியாமல் தங்களைத்தான் திட்டிக்கொண்டார்கள். நான் தேற்றுவேன். பயண அலுப்பு, தண்ணீர் மாற்றம், படுக்கை மாற்றம். தலையணைகூடக் காரணமாகியிருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம்.

எங்கள் அணிகளுக்கு உடுப்புத் தைக்கிற தையல்காரருக்கு ஒரு மகள். நூலக அறிவியல் இரண்டாம் ஆண்டு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். அப்பா மாதிரியே அடக்கமான பெண். கூட்டமாக ஓடும்போது எல்லோரும் உள்தடத்துக்கு முட்டி மோதுவார்கள், இவள் மட்டும் இரண்டாவது தடத்தில் தனியாக ஓடுவாள். "உள்ள போயேம்மா, அது கிட்ட" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"முழங்கையால இடிக்கிறாங்க சார். இங்க நிம்மதியா இருக்கு."

எங்கள் மைதானத்தில் அவள் மூன்றாமிடம். முதல் இரண்டு பேரும் அதற்கு முந்தைய வருடம் தேசியத் தேர்வுப் போட்டிக்குப் போய்க் கடைசிக்குப் பக்கத்தில் வந்தவர்கள். திரும்பி வந்து ஒருத்தி படிப்பையே விட்டாள். அவர்களை மறுபடி அழைக்கவில்லை, இந்த வருடம் மூன்றாமவளுக்கு அழைப்பு வந்தது. தையல்காரர் கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தார். நீலத்தில் ஒரு மேல்சட்டை தைக்கப் போவதாகச் சொன்னார். "உள்பக்கம் தையலே தெரியாம தைக்கிறேன் சார். பிள்ளைக்கு உறுத்தக் கூடாது" என்றார். எனக்கு மனசு கனத்தது. முதலாமவளே கடைசி என்றால் மூன்றாமவள் கதி என்ன? அந்தக் குழந்தை அவமானப்படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது அவளுக்குக் கீழ்க்காலில் வலி இருந்தது. படம் எடுத்தோம். மருத்துவ அறிக்கை நேராக இயக்குநருக்குத்தான் வர வேண்டும் என்பது நான் கொண்டுவந்த ஒழுங்கு. எலும்பில் மயிரிழை விரிசல், நாலு வாரம் முழு ஓய்வு, அதன்பின் ஓடலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். தேர்வுக்கு எட்டு வாரம் இருந்தது. அறிக்கையைப் படித்தேன். மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் தேடிப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது, பழைய விசில்களுக்கு அடியில்.

"சதைப்பிடிப்புதாம்மா. பலப்படுத்தினா சரியாயிடும்" என்று சொல்லி, பார்வையாளர் மாடத்தின் படிகளில் ஏறி இறங்கச் சொன்னேன். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. நான் கீழே நின்று எண்ணினேன். ஒரு முறைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

பதினோராவது நாள் மாலை, இறங்கும்போது கால் முறிந்தது. முதலில் ஓடியவன் நான். தூக்கியவன் நான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: "சாரி சார். நான்தான் சரியா கால் வைக்கல."

"பரவாயில்லம்மா" என்றேன்.

தையல்காரர் மருத்துவமனையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நீல மேல்சட்டையைத் துறைக்கே கொடுத்துவிட்டார். கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவில் மாட்டியிருக்கிறேன். போயிருந்தால் நிச்சயம் ஜெயித்திருப்பாள் என்று வருகிற பிள்ளைகளெல்லாம் அதன் முன் நின்று பேசிக்கொள்கிறார்கள். தோற்றவர்களை யார் நினைக்கிறார்கள்? அவளை நினைக்கிறார்கள். இதைத்தான் நான் அவளுக்குக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் நேற்று உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் சுண்ணாம்புக்காரரும் நானும் உட்கார்ந்து டீ குடித்தோம். புதிய செயற்கைப் பாதை போட வந்த பொறியாளர் பழையதை அளந்து தொலைத்ததால்தானே இந்த விசாரணையே. துறை அவ்வளவு வளர்ந்திருக்காவிட்டால் புதிய பாதையே வந்திருக்காது. அதைச் சொல்லி நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தையக்காரர் பொண்ணு மட்டும் உள்ள ஓடவே மாட்டா சார்" என்றார். "நான் கட்டின கயிறு இருந்த இடத்துக்கு வெளியிலதான் ஓடுவா. மத்தவங்களுக்கு ஆறு மீட்டர் குறைச்சல். அவளுக்கு நானூத்தி ரெண்டு. நம்ம மைதானத்துலயே நெசமா ஓடினது அவ ஒருத்திதான். போயிருந்தா ஜெயிச்சிருப்பா. நான் போய் உள்ள சொல்லப்போறேன்."

அவர் சொல்லட்டும். எனக்கு அது புதிய செய்தியில்லை. என் நேரக் குறிப்பேட்டைப் பாருங்கள். அவள் நேரத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும், இரண்டாவது தடம் என்பதற்கு அடையாளமாக இரண்டு என்று எழுதி, வட்டம் போட்டிருக்கிறேன். அவளுடைய மூன்றாமிடம் உண்மையில் என்னவென்று அழைப்பு வந்த அன்று மாலையே கணக்குப் போட்டுவிட்டேன். தேர்வில் ஜெயித்திருப்பாள், அதுவும் நன்றாகவே ஜெயித்திருப்பாள். முதல் இருவரும் கடைசியில் வந்த இடத்தில் மூன்றாமவள் முதலில் வந்தால், அதெப்படி என்று ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்கும். அப்புறம் டேப்போடு வருவார்கள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? அந்த நூற்று நாற்பது பிள்ளைகளையும் நான் பார்க்க வேண்டாமா?

அவள் இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். நூலகத்தில் இருக்கிறாள், பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள். குழுவுக்கு என் ஒரே வேண்டுகோள், புதிய பாதைக்கு அவள் பெயரை வையுங்கள். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. யோசனை இயக்குநருடையது என்று மட்டும் யாராவது அவளிடம் சொன்னால் போதும், பிள்ளை சந்தோஷப்படுவாள்.