சண்டையைச் சுருக்கிய சோஃபா

பேருந்தில் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பார்கள். இவ்வளவு உரக்கப் பேசக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தேக்கா சந்தை நிறுத்தத்தில் கறிகாய்ப் பைகளோடு ஏறிய இரு பெண்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். தோ பாயோ போகும் வழியில் மூத்தவர் சொன்னார்:

"புது சோஃபா வந்ததுலேர்ந்து எங்க வீட்டுல சண்டை ஒரு ராத்திரியத் தாண்டுறதில்ல."

"சோஃபாவுக்கும் சண்டைக்கும் என்னக்கா?"

"கோவம் வந்தா அவரு ஹால்லதானே படுப்பாரு? இந்த சோஃபாவுக்குள்ள மரமே கிடையாது, முழுக்க ஃபோம். படுத்தா இடுப்பு தரையைத் தொட்டுடும். காலைல முதுகைப் புடிச்சுக்கிட்டு வந்து சாரி சொல்றாரு."

"ஐயோ, மரம் இல்லன்னா அடியில கெட்டி ஃபோம் வேணும்க்கா. மேலதான் மெத்துன்னு இருக்கணும். கடையில சொல்லலையா?"

"சொன்னாங்க லா. அந்த மாதிரி சோஃபாவையும் காட்டினாங்க. ரெண்டுலயும் படுத்துப் பாத்துட்டுத்தான் இதை எடுத்தேன்."

இளையவர் சிரித்து முடிப்பதற்குள் மூத்தவரின் கைபேசி ஒலித்தது.

"எங்க இருக்கீங்க?... என்னது?... ம், சரி."

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னக்கா ஆச்சு?"

"அவரு சோஃபா கடையில இருக்காராம். அடியில போட கெட்டி ஃபோம் ஆர்டர் பண்ணிட்டாராம்."

"நல்லதுதானே, முதுகுவலி போயிடும்."

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதான் புரியல. மனுசன் ஏதோ பெரிய சண்டைக்கு ஏற்பாடு பண்றாரு."