சுக்கானைப் பிடித்த கைகள்

மார்ச் ஒன்பதாம் தேதி பிற்பகல், துறைமுகத்துக்கு வெளியே, வெளிநாட்டுக் கொடி கட்டிய என் பாய்மரப் படகைச் சுங்கக் காவலர்கள் சோதித்தார்கள். வரி ஏதும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆளில்லாத தெருவில்கூட நான் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை.

வீட்டை விற்றுத்தான் அந்தப் படகை வாங்கினோம். நானும் மனைவியும் அதிலேயேதான் குடியிருக்கிறோம். உங்கள் விதி எளிமையானது. வெளிநாட்டவர் தம் படகை இங்கே வரியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த நாட்டுக் குடியிருப்பு அட்டை உள்ளவர் அதை ஓட்டக் கூடாது. ஓட்டினால் வரி விழும்; கட்ட முடியாவிட்டால் படகு பறிமுதல்.

மைத்துனன் எங்களோடு சுற்றிக்கொண்டிருந்தவன். இங்கே அழகு நிலையம் நடத்தும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குடியிருப்பு அட்டை வாங்கினான். அதன் பிறகும் படகில் ஏறினால் நேரே சுக்கானுக்குத்தான் போவான். ஒருமுறை பிடிபட்டு, எச்சரிக்கையோடு தப்பினோம்.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். நானும் அவனும் மட்டும் வெளியே போனோம். தூரத்தில் சுங்கப் படகு எங்கள் பக்கம் திரும்பியது.

"கையை எடு மாப்ளே."

"வரட்டும் அத்தான், டீ போட்டுக் குடுப்போம். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

"வெளையாடாத. வீடே போயிடும்."

"போனா எங்க வீட்டு மாடில வந்து இருங்க. வாடகை கேக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டே சுக்கான் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பாய்க்கயிற்றை முறுக்கும் இரும்புக் கைப்பிடி பக்கத்தில் கிடந்தது. வலது கையில் அடித்தேன். இடது கையால் பிடித்துக்கொண்டான். அதனால் அதிலும் அடிக்க வேண்டியதாயிற்று. பிடிவாதக்காரன், எலும்பு வெளியே தெரிந்த பிறகுதான் விட்டான். தலையில் நான் தொடவே இல்லை. தலைக்கும் விதிக்கும் சம்பந்தம் இல்லை.

என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தவன், ஓரக் கம்பியில் தடுக்கிக் கடலில் விழுந்தான்.

நான் சக்கரத்தையும் தளத்தையும் கழுவினேன். காவலர்கள் வந்து சேர்ந்தபோது சுக்கானில் என் கைதான் இருந்தது. படகில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவன் என்றேன். அப்போது அது உண்மை.

அவனைக் காப்பாற்ற நான் முயலவே இல்லை என்று மனைவி சொல்கிறாளாம். அது தவறு. கழுவுவதற்கு முன்பே கயிறு வீசினேன். அவன் நெஞ்சுக்கு நேராகத்தான் விழுந்தது. திரும்ப இழுத்து மறுபடியும் வீசினேன்.

அவன்தான் பிடிக்கவில்லை.