ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் கவர்னர்

தலைமை வகிக்கும் இத்ரூஸ் நானா அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, மழையோடு மழையாகப் பெரகலைக்கு வந்து சேர்ந்திருக்கும் தோட்டத்து மக்களே, கடைவீதி நண்பர்களே!

எனக்கு அழகாகப் பேச வராது. தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் பார்க்கிறவன் நான். அழகாகப் பேசியவர் போய்விட்டார். நம் வாசிகசாலைச் சங்கத்தின் தலைவர், அமரர் வீரய்யா மாஸ்டர்!

அவர் எதைப் பேசிப் பெயர் வாங்கினார்? அமெரிக்காவில் கனெக்டிகட் என்றொரு காலனியின் கவர்னர்களைப் பற்றி! விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று பேர் கொடுத்து, கொழுந்தெடுத்துக் களைத்த மக்களுக்குக் கனெக்டிகட் எதற்கு? நான் அப்படித்தான் கேட்டேன். அதே ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து அறையில் நான் மின்சார வேலை வகுப்பு வைத்தேன். என் பெஞ்சுகள் காலி. அவர் பக்கம் ஜன்னலிலும் ஆள்! வயிறு எரியாதா, சபையோரே? எரிந்தது.

என்ன சொன்னார்? பல காலனிகளுக்கு அரசர் கவர்னரை அனுப்பினார். கனெக்டிகட்டில் ஊராரே வருடாவருடம் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்க காலத்தில், ஒருவரே அடுத்தடுத்த வருடம் இருக்கக் கூடாது என்று சட்டம். அதனால் இரண்டு பேர் மாறி மாறி ஆண்டார்கள். பிற்காலத்தில் அரசரை எதிர்த்து யுத்தம் வந்தது. மற்ற கவர்னர்களில் பெரும்பாலோர் அரசர் பக்கம். இவர்களுடைய கவர்னர் மக்கள் பக்கம்! காலனிக் கவர்னராக இருந்தவரே மாநிலக் கவர்னராகவும் ஆனார்! அன்றைக்குக் கருப்பம்மா அக்கா எழுந்து, "ஏங்க மாஸ்டர், அப்ப நம்ம கங்காணிய மட்டும் ஏன் தொரை வைக்கிறாரு?" என்று கேட்டாரே, யாருக்கு மறக்கும்?

அந்தச் சட்டத்தையே நம் சங்கத்துக்கும் எழுதினோம். ஒரு வருடம் மாஸ்டர், மறுவருடம் நான். என் வருடத்தில் லைட் போட்டேன், கூரைக்குத் தகரம் அடித்தேன். குறை சொல்ல வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், மாஸ்டரைத் தேடி, "கவர்னரு எங்கங்க?" என்பார்கள்.

"இந்த வருசம் ஸரூக் தம்பிதான். அவருகிட்டச் சொல்லுங்க" என்பார் மாஸ்டர்.

"அவரா? அவரு பல்பு மாத்துற தம்பியில்ல!"

மாஸ்டர் சிரிக்க மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்! சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாறி மாறி வந்ததால், நாங்கள் ஒரே தேர்தலில் எதிரெதிராக நின்றதேயில்லை. போன மாதம் கேட்டேன்: "மாஸ்டர், அந்தச் சட்டத்தைத் தூக்குவோம். ஒருதரம் நேருக்கு நேர் நிற்போம்."

"தோத்தா கோவிக்க மாட்டீங்களே, தம்பி?"

"நீங்க தோத்தா?"

"மொத மாலை நாந்தான் போடுவேன்."

அந்தப் போட்டியை ஒரு நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. இனி யாரை வென்று என் மனம் ஆறும்?

சற்று முன் இத்ரூஸ் நானா என் காதில், "அவர்ட மிச்ச மாசத்த நீங்களே பாருங்க" என்றார். நானா, ஆசை இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தத் தலைவர் கதிரை மேல் எனக்கு அவ்வளவு ஆசை! ஆனால் போன வருடம் இருந்தவன் நான். மாஸ்டர் போனதும் சட்டமும் போய்விட்டதா? செத்தவருடைய இடத்தைச் சும்மா வாங்கினான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

மாஸ்டரின் வேலை நிற்காது. மிச்ச மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வோட்டு. கருப்பம்மா அக்காவின் பெயரை நான் சொல்கிறேன். அடுத்த வருடம் நான் நிற்பேன். என் முறை என்று யாரும் ஒதுங்கி வழிவிட வேண்டாம். வெறும் கதிரையை வெல்ல எனக்கு விருப்பமில்லை. மாஸ்டரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்களே, என்னை எதிர்த்து நிற்க யார் தயார்? இப்போதே கை தூக்குங்கள், பார்க்கிறேன்.