கதிரை விழ எழும்பின நடுவர்

சும்மா நிப்பாட்டுங்கோ இக்னேசியஸ் அங்கிள்! நானோ சண்டைக்காரி? நானோ சங்கத்தின்ர மானத்தை வாங்கினனான்? நாடகப் போட்டிக்குச் செயலாளர் நீங்கள்தானே, பிறகு ஆரிட்டப் போய் நியாயம் கேக்கிறது? முதல்ல உந்த ஸ்னோ பூட்ஸைக் கீழ வையுங்கோ. அதுக்குள்ள காலை விட்டியளெண்டா காருக்கு ஓடியிடுவியள், எனக்குத் தெரியும்.

என்ன... அம்மணமா ஓடின கதையை மேடையேத்திப் போட்டனோ? ஐயோ அங்கிள், பழைய கிரேக்கத்தில, ஒலிம்பியாப் போட்டியில, அப்பிடித்தான் ஓடினவங்கள்! யூனிவர்சிற்றியில அப்பிடித்தான் படிப்பிக்கினம். எங்கட மேடையில ட்ராக் பாண்ட்ஸ் போட்டுத்தானே ஓடவிட்டனான்! அதுக்கு மேல வேட்டியும் கட்டச் சொன்னது நீங்கள். ஒருத்தன் தடக்கி விழுந்தான், சனம் அதுக்குத்தான் கூடக் கைதட்டினது. சரி, அதை விடுங்கோ.

கலியாணம் கட்டின பொம்பிளையள் அந்தப் போட்டியைப் பாக்க வந்தா மலையில இருந்து உருட்டி விடுற சட்டம். அப்பிடியிருந்தும் ஒரு தாய் ஆம்பிளை வேசம் போட்டு, கோச் மாதிரிப் போய் நிண்டு, மகன் வெண்ட உடன சந்தோசத்தில வேலி பாய்ஞ்சு பிடிபட்டவ. உதுதான் என்ர நாடகம். உதில என்ன பிழை கண்டியள்?

ஓம், ஓம், நடுவரை மாத்தச் சொல்லிக் கத்தினது நான்தான். வருசா வருசம் கிளடிஸ் அன்ரி நடுவர், வருசா வருசம் அவவின்ர பெறாமகன், அக்காவின்ர பெடியன் கிருபனுக்குப் பரிசு! அதுதான் சொன்னனான், ஏதென்ஸில நாடகமெண்டா அது சாமிக்கு எடுக்கிற திருவிழா, சாமியின்ர சிலையைக் கொண்டுவந்து முன்னால வைச்சு, நடுவரைச் சீட்டுப் போட்டு எடுக்கிறவை எண்டு. 'அட, எங்கட திருவுளச்சீட்டு மாதிரி' எண்டு நீங்கள்தானே பிள்ளையார் படத்தையும் மாதா படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சியள்! சங்கத்து ஆக்கள் எல்லாற்ற பேரையும் எழுதி ரைஸ் குக்கர் சட்டிக்குள்ள போட்டுக் குலுக்கினது ஆர்? நான். கையை விட்டு எடுத்தது? ...நான்தான் அங்கிள். சிரிக்காதேங்கோ!

மூண்டாவது நடுவரின்ர சீட்டை விரிச்சுப் பாத்தா, கமலாம்பிகை. எங்கட அம்மா!

வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்தான். சொல்லேல்லை. வாய்க்குள்ள சிரிச்சனான். பரிசுக் கப் எங்கட வீட்டு ரீவிக்கு மேல வந்திட்டுது எண்டே நினைச்சனான்.

மார்க்கை மைக்கில வாசிக்கோணும் எண்டு அடம்பிடிச்சதும் நான்தான். வாசிச்சியளே! மற்ற நடுவர்மார் எட்டு எட்டெண்டு போட, பெத்த தாய் பத்துக்கு ரெண்டு! கேட்டா, சொந்தப் பிள்ளைக்கு அள்ளிப் போட்டா சனம் கதைக்குமாம். சனம்! சனம் இப்ப வடையைக் கடிச்சுக்கொண்டு என்னைப் பாத்துப் பாவப்படுது.

சாமியின்ர தீர்ப்பெண்டு சொல்லாதேங்கோ. சாமி ரெண்டு போடேல்லை.

உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? மேடையில அந்தத் தாய் வேலி பாயேக்க, இந்த ஹோலில முதல்ல எழும்பினது ஆரெண்டு? நான் திரைச்சீலைக்குப் பின்னால நிண்டு பாத்தனான். எங்கட அம்மா! கதிரை விழ எழும்பி, பேனை எங்கயோ பறக்கக் கைதட்டினவ. பிறகு சுத்திவரப் பாத்தா. கதிரையை நிமித்தினா. குனிஞ்சிருந்து ரெண்டு போட்டா.

டேய் கிருபன், மைக்கைக் கழட்டாதை! கப்பை நீயே கொண்டு போ, எனக்கு வேண்டாம். அம்மா! கொழுவியிருக்கிற குளிர்கோட்டுகளுக்குப் பின்னால ஒளிச்சது போதும், கால் தெரியுது. இஞ்ச வாங்கோ. எங்கட பார்க்டேல் ஊர்ச் சனம் முழுக்க இருக்குது. நான் மார்க்கைப் பற்றிக் கேக்கேல்லை.

உங்கட கதிரை ஏன் விழுந்தது? மைக்கில சொல்லுங்கோ!