வழுக்கைத் தலைக்கு ஒரு ஹேர் டிரையர்

— கையுறையைக் காயவைக்கிறேன்னு சொல்லாத ரெய்னோ. கையுறை அடுப்பு மேல தொங்குது. பார்த்துட்டுத்தான் வர்றேன்.

— பூட்ஸ்.

— பூட்ஸ் உன் கால்ல இருக்கு.

— அட விடு இர்மா. ஒரு மனுஷன் காலங்காத்தால குளியலறையில நிம்மதியா நிக்கக் கூடாதா?

— நிக்கலாம். மண்டையில ஒத்த முடி இல்லாத மனுஷன் தினமும் அஞ்சரை மணிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு என் ஹேர் டிரையரை ஓட்டினா, பொண்டாட்டி என்னன்னு நினைக்கிறது? அறுபத்தொரு வயசுல புதுசா முளைக்குதா?

— கதகதன்னு இருக்கு. வெளிய எவ்வளவு குளிரு, பார்த்தியா?

— சரி, இப்படித் திரும்பு. கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? மனுஷா, கண்ணுக்கா காட்டுற அதை?

— கையை நீட்டித் தூரமாத்தான் பிடிக்கிறேன். பொசுங்காது. ஆஸ்பத்திரியில கண்ணைப் படம் எடுக்குற பொண்ணே சொல்லிக்கொடுத்ததுதான்.

— எனக்குத்தான் யாரும் சொல்லல. உக்காரு. காப்பி ஆறுது. மொதல்லேருந்து சொல்லு.

— மொதல்னா, கிளாக்கோமான்னு ஏழு வருஷமா தெரிஞ்சதுதானே.

— தெரியும். உள்ள அழுத்தம் ஏறுது, பின்னால நரம்பு நசுங்குதுன்னாங்க. அழுத்தம் வடியறதுக்குக் குழாய் வச்சாங்க. மூணு வேளையும் சொட்டு மருந்து நான்தானே விடுறேன். அதுக்கு மேல என்ன?

— பின்னால மட்டும் இல்லையாம். முன்னாலயும். கார்னியான்னு கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்குல்ல, அதோட உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கா செல்லுங்க இருக்கு. ராப்பகலா தண்ணி இறைக்கிறதுதான் அதுங்களுக்கு வேலை. எங்கப்பா சுரங்கத்துல பம்ப் பார்த்தாரே, அந்த மாதிரி. பம்ப் நின்னதும் சுரங்கம் முழுகிப்போச்சுல்ல. இங்கயும் அதான். அழுத்தத்துல கொஞ்சம் செத்துது. அந்தக் குழாய் பக்கத்துலயே இருக்கறதால இன்னும் கொஞ்சம் செத்துக்கிட்டிருக்கு.

— மிச்சம் எவ்வளவு?

— கடுகு அளவு இடத்துல ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கணுமாம். எனக்கு வலது கண்ணுல எழுநூறு. இடது கொஞ்சம் தேவலை.

— புதுசு வராதா?

— வராது. செத்தா செத்ததுதான். பக்கத்துல இருக்கறது உடம்பை இழுத்து நீட்டி அந்த இடத்தையும் மூடிக்கிட்டு, செத்ததோட வேலையையும் சேர்த்துப் பார்க்குமாம்.

— பாவம். அதுக்கும் ஓய்வு கிடையாது.

— ராத்திரி பூரா இமை மூடியிருக்கா, தண்ணி காய வழியில்ல. எழுந்தா ஒரே புகை. விளக்கைச் சுத்தி வளையம் வளையமா. மத்தியானத்துக்குள்ள தானா தெளிஞ்சுடும். சூடா காத்தடிச்சா சீக்கிரம் தெளியுது. அவ்வளவுதான் விஷயம். அட விடு.

— அதான் டாக்டர்கிட்ட எப்பவும் ஒரு மணிக்கே போறியா?

— ஒரு மணிக்குக் கூட்டம் இருக்காது.

— ரெய்னோ.

— ஒரு மணிக்கு எல்லா எழுத்தையும் படிச்சுடுவேன். போதுமா?

— நீ ஓட்டுற ஸ்கூல் பஸ் ஒரு மணிக்கா கெளம்புது? ஆறேமுக்காலுக்குக் கெளம்புது. இருட்டுல. ஏரிக்கரை ரோட்டுல. அந்தப் படம் எடுக்குற பொண்ணு நீ என்ன வேலை பார்க்கிறேன்னு கேக்கலையா?

— கேட்டா. வீட்ல சும்மா இருக்கேன்னு சொல்லிட்டேன்.

— அடப்பாவி மனுஷா.

— வேற என்ன சொல்லச் சொல்ற? பஸ்ஸை விட்டா வேலையோட வர்ற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் போச்சு. இன்ஷூரன்ஸ் போனா சொட்டு மருந்து போச்சு, உன் இன்சுலின் போச்சு. கண்ணைக் காப்பாத்த பஸ் ஓட்டணும், பஸ் ஓட்டக் கண்ணு வேணும். நீயே சொல்லு, இதுல எந்தப் பக்கம் இறங்கி ஓடறது?

— வேற கார்னியா ஒட்டுவாங்களாமே.

— குழாய் இருக்கற கண்ணுல அது நிலைக்குமான்னு யோசிக்கிறாங்க. ஒட்டினாலும் வாரக்கணக்குல ஓட்டக் கூடாது. இன்னும் நாலு வருஷம், இர்மா. அறுபத்தஞ்சு ஆயிட்டா வைத்தியச் செலவை சர்க்கார் பார்த்துக்கும். நாலு வருஷம் நான் சமாளிச்சுடுவேன். பிள்ளைங்க எனக்கு நல்லாத்தான் தெரியுது. இருட்டுல கூட பளிச்சுன்னு தெரியுது.

— செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியும் அப்படித்தான் தெரிஞ்சுதா?

— யாரு சொன்னது?

— பஸ்ல வர்ற வாண்டுங்க கடையில வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. நான் கல்லாவுல நின்னுக்கிட்டிருக்கேன். ஹாலோனென் வீட்டு முனையில நிறுத்தி, கதவைத் தொறந்து, ரோட்டோரம் கம்பு மேல பனி மூடி நின்ன அவங்க தபால் பெட்டியைப் பார்த்து "ஏறும்மா, குளுருது"ன்னியாமே.

— வேடிக்கைக்குச் சொன்னேன். பிள்ளைங்க சிரிச்சுதுல்ல?

— பிள்ளைங்க சிரிச்சுது. நீ சிரிச்சியா?

— காப்பி ஆறிப்போச்சு.

— காப்பியைக் குடி.

— அடுத்த முனை வரைக்கும் பஸ்ஸை ஊர்ந்துதான் ஓட்டினேன், இர்மா. தபால் பெட்டியைப் பிள்ளைன்னு நினைச்சேன். அது பரவால்ல. பிள்ளையைத் தபால் பெட்டின்னு நினைச்சிருந்தா? அன்னைலேருந்து தூக்கமே இல்ல. இன்னைக்கு மட்டும் ஓட்டிட்டு வந்துடறேன். வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை நானே போய் ஸ்கூல்ல சொல்லிடறேன்.

— இன்னைக்கு நீ ஓட்டப் போறதில்ல.

— அப்ப யாரு ஓட்டுவா? மாத்து டிரைவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

— தெரியாது. நேத்து சாயங்காலம் நீ சவுனாவுல ஆவி பிடிச்சுக்கிட்டிருந்தப்ப, பஸ்ல பிள்ளைங்களை அனுப்புற பதினோரு வீட்டுக்கும் போன் போட்டேன். ரெய்னோவுக்கு முடியல, நாளைக்கு பஸ் வராதுன்னு சொல்லிட்டேன்.

— என்னைக் கேக்காமயா! தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் குடைஞ்சியா?

— நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.

— எல்லாரும் ஏன்னு கேட்டிருப்பாங்களே. என்ன சொல்லி வச்சே? முதுகு வலின்னாவது சொல்லியிருக்கலாம். ஊர் பூரா இப்ப...

— யாரும் ஏன்னு கேக்கல, ரெய்னோ.

— ஒருத்தர் கூடவா?

— பத்து வீட்ல "சரி இர்மா"ன்னாங்க, வச்சிட்டாங்க. கடைசி முனையில இருக்குற கோர்பி வீட்டுக்காரி மட்டும் ஒண்ணு கேட்டா. "அப்ப இனிமே பையனுக்கு இருட்டுலயும் பளிச்சுன்னு தெரியற அந்த ஆரஞ்சு வேட்டைக் கோட்டை மாட்டி நிறுத்த வேண்டாம்ல? அக்டோபர்லேருந்து எல்லா வீட்லயும் மாட்டிக்கிட்டிருக்கோம். மத்த வீடுங்களுக்கும் நானே சொல்லிடவா?"ன்னு.