வடக்கே போகாத வண்டி

சத்தியமாச் சொல்றேன் சார், இதுல ஒரு வார்த்தை பொய்னா என் பல்செட் இங்கேயே கழண்டு விழட்டும். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அவ வேலை இருக்குமா போகுமான்னு சாயங்காலம் விசாரணை ரிப்போர்ட் எழுதப் போறவர் நீங்க, அதான் ஓடி வந்தேன். நானும் இங்க புரோகிராமர்தான், ஆபீஸ்லயே கிழவன்.

எங்க பசங்க இருக்காங்களே, மகா மேதைங்க. கணக்கை மட்டும் பள்ளிக்கூடத்தோட தலைமுழுகிட்டாங்க. கேட்டா, அதெல்லாம் லைப்ரரி பாத்துக்குமாம், அதான் ரெடிமேடா கிடைக்கிற புரோகிராம். அந்த லைப்ரரி என்ன வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? எவனோ ஒரு புண்ணியவான் கணக்குப் படிச்சு எழுதி வெச்சது! இவ ஒருத்திதான் சாப்பாட்டு வேளையிலயும் கணக்குப் புத்தகத்தோட உக்காருவா. அதுக்கு 'கொசைன்'னு பட்டப்பேரு.

ஆளில்லாம ஓடுற மருந்து வண்டிதான் எங்க சரக்கு. எந்தத் திசைன்னு சொல்ல அதுல ரெண்டு கருவி. ரெண்டையும் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பக்கம் போகும். போன மாசம் ஒரு புது ஆஸ்பத்திரி... அங்க நடைபாதை நேர் வடக்கு. ஒரு கருவி ஒரு டிகிரிங்குது, இன்னொண்ணு முந்நூத்தம்பத்தொன்பதுங்குது. வடக்குன்னா பூஜ்யம், ஒரு சுத்து சுத்தி வந்தா முந்நூத்தறுபது; அதனால ரெண்டும் வடக்குதான். கூட்டிப் பாதியாக்கினா நூத்தெண்பது, சுத்தத் தெற்கு! வண்டி திரும்பி, வாசலைத் தாண்டி, சிக்னல்ல நின்னு, பச்சை விழுந்ததும் கிளம்பிப் போச்சு சார். சிரிக்காதீங்க, பின்னாலயே ஓடினவன் நான்.

திசையை இப்படிச் சராசரி எடுக்கக் கூடாது, அரைநாள்ல சரி பண்ணிடலாம்னு அவ சொன்னா. யார் கேட்டா? மேதைங்க மூணு வாரம் உக்காந்து, இப்படி வந்தா இப்படிப் போன்னு நானூறு 'இஃப்' எழுதினாங்க. அதுவும் பத்தாம, வண்டி வடக்கே போக வேண்டாத மாதிரி மருந்து அறையையே இடம் மாத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி! கடைசில, கணக்குல தப்புன்னா கணக்குக்காரிதானேன்னு அவளைக் கைகாட்டிட்டாங்க.

என்ன... கூட்டிப் பாதியாக்குற அந்த புரோகிராம் வரியை முதல்ல எழுதினது யாரா? அது... ஒன்பது வருஷம் ஆச்சு. அவ அப்ப காலேஜ்கூடப் போயிருக்க மாட்டா. எழுதினவனுக்கு அப்பவே தலை நரைச்சாச்சு. கூட்டிப் பாதியாக்க எவன்டா புத்தகம் பாப்பான்னு சொல்லிட்டு, டீ ஆறுறதுக்குள்ள எழுதினான்... எழுதினேன்.

சரி, எழுதிக்கோங்க. தப்பு என்னோடதுன்னு தாராளமா எழுதிக்கோங்க, அவ பேரை அடிச்சிடுங்க. ஆனா ஒண்ணு சார், அதை உங்ககிட்ட வந்து சொன்னதும் நான்தான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பசங்க நடுவுல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு பாருங்க.